தொடக்க நிரலும் தற்காலிக ஃபோல்டரும்: கடைக்குத் தூக்கிப் போகுமுன்

கடவுச்சொல் கொடுத்ததும் திரை ஒரு முறை கண்சிமிட்டிவிட்டு மறுபடி கடவுச்சொல்லையே கேட்கிறது. அல்லது உள்ளே விட்டுவிட்டு, டீ போட்டுக் குடித்து முடிக்கும்வரை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அல்லது கடைக் கணக்கு எழுதும் மென்பொருள் ‘தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. அல்லது எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது, ஆனால் நேற்றுவரை டெஸ்க்டாப்பில் கிடந்த குழந்தையின் படங்களில் ஒன்றுகூட இல்லை. இந்த நான்கில் எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் கடையில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “ஃபார்மட் பண்ணணும்.”

நான்கில் ஒன்றுக்குக்கூட அது முதல் வேலை இல்லை. ஃபார்மட் செய்தால் கோளாறு போகும், கூடவே படங்களும் போகும். காரணம் வீட்டிலேயே இருப்பதால் சில மாதத்தில் கோளாறு மட்டும் திரும்பி வரும்.

அந்தமானில் இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இருப்பவர் அபர்தீன் பஜாருக்கு ஆட்டோ பிடித்துவிடலாம். டிக்லிபூர்க்காரருக்கு அது ட்ரங்க் ரோட்டில் ஒரு முழுப் பகல். கேம்பல் பே தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும், கடலும் ஒத்துழைக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, சென்னையில் இருக்கும் அக்கா மகனிடம் போனில் கேட்டுச் சரிசெய்வது எவ்வளவோ மேல். இந்த அத்தியாயத்தில் கட்டளைகளை, போனில் ஒருவர் சொல்ல இன்னொருவர் தட்டுவது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘கோடு’ என்றால் சிறிய இடைக்கோடு. ‘சாய்கோடு’ என்றால் கேள்விக்குறி இருக்கும் பொத்தானில் உள்ள கோடு.

பார்க்க வேண்டிய இடம் இரண்டுதான். கம்ப்யூட்டர் விழித்ததும் தானாக ஓடும் நிரல்கள் ஒன்று. எல்லா மென்பொருளும் தம் அரைகுறை வேலைகளை இறக்கிவைக்கும் தற்காலிக ஃபோல்டர் இன்னொன்று. தொடக்க நிரலில் கோளாறு என்றால் அது பெரும்பாலும் நேரத்தைப் பற்றியது: தனக்குத் தேவையான ஒன்று தயாராகுமுன்பே அந்த நிரல் ஓடியிருக்கும். தற்காலிக ஃபோல்டரில் கோளாறு என்றால் அது இடத்தையோ எழுதும் உரிமையையோ பற்றியது. எந்த வகை என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கரண்ட் போகும்போது என்ன நடக்கிறது

இந்தத் தீவுகள் இந்திய மின்தொகுப்போடு இணையவில்லை. ஒவ்வொரு தீவுக்கும் அதனதன் மின்நிலையம்; பெரும்பாலும் டீசல். தெற்கு அந்தமானில் மட்டும் கராச்சர்மாவில் என்டிபிசியின் 5 மெகாவாட் சூரிய மின்நிலையமும், 2020இல் நெய்வேலி என்எல்சி நிறுவனம் மின்கலச் சேமிப்போடு அமைத்த 20 மெகாவாட் நிலையமும் துணைக்கு இருக்கின்றன. மழைக்காலமோ மே மாதம் பிடித்தால் ஆண்டு இறுதிவரை விடாது. கம்பிமேல் ஒரு கிளை விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும்.

மென்பொருள் ஒன்று ஓடும்போது தற்காலிக ஃபோல்டரில் கோப்புகளை உண்டாக்கும். முறையாக மூடும்போது தானே அவற்றை அழித்துவிடும். கரண்ட் பட்டென்று போனால் அந்த ‘மூடும்போது’ வருவதே இல்லை. கோப்புகள் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் ஒரு கைப்பிடி சேரும். சில மென்பொருள்கள் ‘நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு அடையாளமாக ஒரு பூட்டுக் கோப்பு வைக்கும். அடுத்த முறை தொடங்கும்போது அந்தப் பழைய பூட்டைப் பார்த்து, ஏற்கெனவே ஓடுவதாக எண்ணித் திறக்க மறுக்கும். இங்கே ‘மென்பொருள் கெட்டுவிட்டது’ என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இதுதான். பூட்டுக் கோப்பை அழித்தால் மென்பொருள் திறந்துவிடும்.

எனவே முதல் பரிசோதனை கம்ப்யூட்டருக்கு வெளியே. வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை, சாதாரண நிலை என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் உண்டு. சாதாரண நிலையில் வைத்திருந்தால் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மட்டும் கரண்டிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தைத் தாங்காமல் அணைந்து எழும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை.

ஷட்டவுன் செய்து திறந்தால் போதாது

விண்டோஸ் 8இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கரு முழுதாக அணைவதில்லை. அதன் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் பரப்பிக்கொள்ளும். வேகமாகத் திறக்கும், உண்மைதான். ஆனால் நேற்றைய கோளாறும் அப்படியே கூட வரும். “மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்” என்று சொல்பவர் ஒரு தடவைகூட உண்மையில் புதிதாகத் தொடங்கியிருக்க மாட்டார். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக எழும். போனில் உதவுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, “ரீஸ்டார்ட் கொடுத்தியா, ஷட்டவுன் கொடுத்தியா?” என்பதைத்தான்.

மின்வெட்டு அதிகமுள்ள வீட்டில் இதை நிறுத்திவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி. அங்கே டிக்கை எடுக்கலாம். திறக்கச் சில நொடி கூடும், அவ்வளவே. ஒரே கம்ப்யூட்டரில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பகுதியில் எழுத லினக்ஸுக்கு அனுமதி கிடைக்காது.

எது தானாக ஓடுகிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதி. பட்டியலைப் படிக்குமுன் மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று சில நொடிகள் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே கம்ப்யூட்டர் தன் பாகங்களைச் சரிபார்க்க எடுத்துக்கொண்ட நேரம் அது. அங்கேயே அரை நிமிடம் போயிருந்தால் தொடக்க நிரல்களை நோண்டிப் பயனில்லை. செருகியிருக்கும் பென் டிரைவ், பழைய வெளி வட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

பட்டியலில் உள்ளவற்றை டிஸேபிள் செய்யுங்கள், அழிக்காதீர்கள். ஒலி, டச்பேட், வைரஸ் தடுப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மற்றவற்றில், பிரிண்டர் கம்பெனி தரும் உதவி நிரல், வீடியோ கூட்ட மென்பொருள், விளையாட்டு விற்கும் கடை மென்பொருள், பாட்டு மென்பொருள், நான்கு விதமான அப்டேட்டர்கள் எதுவும் விழித்த நொடியில் ஓட வேண்டியதில்லை. இரண்டிரண்டாக நிறுத்தி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் நிறுத்தினால் வேகம் கூடும். எது காரணம் என்று மட்டும் தெரியாமல் போகும்.

அப்டேட் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து சுமார் 2300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்படும்வரை இங்கே இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. அப்போது தொடக்கத்திலேயே நான்கு மென்பொருள்கள் தங்கள் அப்டேட்டை இழுத்தால் மெயில் பார்க்கக்கூட வழி இருக்காது. அந்தக் காலத்துப் பழக்கத்தில் விண்டோஸ் அப்டேட்டையே முழுக்க முடக்கி வைத்தவர்கள் இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். இப்போது அது ஆபத்து. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவைத்தால் போதும். பெரிய இறக்கங்கள் பெரும்பாலும் காத்திருக்கும்.

கையால் எழுதிய நிரல் ஓடவில்லை

வீட்டில் யாராவது ஒருவர் சின்ன பேட்ச் கோப்பு எழுதியிருப்பார். கடைக் கணக்கை வெளி வட்டுக்கு நகலெடுக்க, குழந்தையின் பாடக் கோப்பைத் திறந்துவைக்க, தற்காலிக ஃபோல்டரைத் துடைக்க. கையால் சொடுக்கினால் அழகாக ஓடும். தொடக்கத்தில் தானாக ஓட வைத்தால் ஓடாது, அல்லது ஓடியும் பயன் இருக்காது. இந்த அத்தியாயத்தில் அதிகம் கேள்வி வருவது இங்கேதான், காரணங்களும் பல.

முதலாவது, நிற்கும் இடம். சொடுக்கி ஓட்டும்போது அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே நிரல் நிற்கும். டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடும்போது விண்டோஸுக்குள்ளே சிஸ்டம்32 ஃபோல்டரில் நிற்கும். ‘கணக்கு ஃபோல்டரை நகலெடு’ என்று எழுதியிருந்தால் அங்கே கணக்கு ஃபோல்டர் ஏது? ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ என்ற கட்டத்தில் ஃபோல்டரின் முழு முகவரியைக் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் மேற்கோள் குறி போடக் கூடாது, போட்டால் ஓடாது. அல்லது நிரலின் முதல் வரியாக இதை எழுதுங்கள்: சிடி, இடைவெளி, சாய்கோடு, டி, இடைவெளி, மேற்கோள் குறி, விழுக்காட்டுக் குறி, அலைக்குறி, டி, பி, சுழியம், மேற்கோள் குறி. ‘நான் இருக்கும் ஃபோல்டருக்கே போ’ என்று பொருள். போனில் சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வரியில் தீரும்.

இரண்டாவது இந்தத் தீவுக்கென்றே வைத்தது போன்ற காரணம். டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை உண்டாக்கினால் ‘கண்டிஷன்ஸ்’ பகுதியில் ‘ஏசி மின்சாரம் இருந்தால் மட்டும் தொடங்கு’ என்ற கட்டத்தில் தானாகவே டிக் விழுந்திருக்கும். நீங்கள் போட்டதில்லை, விண்டோஸ் போட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் மடிக்கணினியைப் பேட்டரியில் திறந்தால் அந்த வேலை சத்தமில்லாமல் நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதன் கீழேயே ‘பேட்டரிக்கு மாறினால் நிறுத்து’ என்று இன்னொரு டிக். பாதி நகலெடுத்த நிலையில் வேலையை அறுத்துவிடும். டெஸ்க்டாப்தானே என்று இருக்காதீர்கள்; யுபிஎஸ்ஸை யூஎஸ்பி கம்பியால் இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரி என்றே கணக்கிடும். இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். ‘திங்கள் ஓடுது, செவ்வாய் ஓடல’ என்று காரணமே இல்லாமல் வரும் புகாரை இங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, அவசரம். உள்நுழைந்த உடனே நிரல் ஓடிவிடுகிறது. வெளி வட்டோ வைஃபையோ எழச் சில நொடி பிந்துகிறது. ஷெட்யூலரில் ட்ரிகர் பகுதியில் ‘டிலே டாஸ்க்’ என்பதில் ஒரு நிமிடம் கொடுங்கள். வெளி வட்டுக்கு டிரைவ் எழுத்து மாறிக்கொண்டே இருந்தால் டிஸ்க் மேனேஜ்மெண்டில் போய், கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். நிரலின் ஒவ்வொரு முக்கிய வரியின் முடிவிலும் ‘இதைவிடப் பெரிது’ குறியை இரண்டு முறை போட்டு ஒரு பதிவுக் கோப்பின் முகவரியைக் கொடுத்தால், அந்த வரி சொன்னதெல்லாம் அங்கே சேரும். பிழைகளும் சேர வேண்டுமென்றால் தொடர்ந்து இடைவெளி விட்டு 2, பெரிது குறி, உம்மைக் குறி, 1 என்று சேர்க்க வேண்டும். மறுநாள் அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் நிரல் எங்கே தடுக்கி விழுந்தது என்று அதுவே சொல்லும்.

துடைக்கும் நிரல்கள் பற்றி எச்சரிக்கை. ‘தற்காலிக ஃபோல்டருக்குப் போ; அங்கே உள்ளதையெல்லாம் அழி’ என்று இரண்டு வரி எழுதி வைப்பார்கள். முதல் வரி தோற்றால்? நிரல் போகாது, நின்ற இடத்திலேயே இருந்துகொண்டு அடுத்த வரியை நிறைவேற்றும். அந்த நின்ற இடம் சிஸ்டம்32 என்பதை மேலே பார்த்தோம். பெரிய கம்பெனிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2015 ஜனவரியில், ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இருந்த ஒரு தொடக்க நிரல், தன் ஃபோல்டரின் முகவரியை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு ‘அந்த ஃபோல்டருக்குள் உள்ளதை அழி’ என்று எழுதப்பட்டிருந்தது. ஃபோல்டரை இடம் மாற்றிய ஒருவர் கம்ப்யூட்டரில் அந்த மாறி வெறுமையாகிவிட்டது. வெறுமைக்குப் பின்னால் ஒரு சாய்கோடு மட்டும் எஞ்சியது. லினக்ஸில் தனிச் சாய்கோடு என்றால் முழு வட்டு. அவருடைய கோப்புகள் எல்லாம் போயின. செருகியிருந்த வெளி வட்டில் இருந்த நகலும் போனது. ஆகவே அழிக்கும் நிரலைக் கையால் எழுதாதீர்கள். விண்டோஸிலேயே ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ இருக்கிறது, அதை ஓட விடுங்கள்.

தற்காலிக ஃபோல்டரைத் திறந்து பார்த்தல்

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, விழுக்காட்டுக் குறி, டெம்ப், விழுக்காட்டுக் குறி என்று தட்டினால் உங்கள் தற்காலிக ஃபோல்டர் திறக்கும். இதுவரை திறந்தே பார்க்காதவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கோப்புகள் தென்படும். உடனே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள்.

முதலில் ரீஸ்டார்ட். புதிதாக நிறுவிய மென்பொருள் சில, அடுத்த தொடக்கத்தில் செய்ய வேண்டிய வேலைக்கான கோப்புகளை இங்கேதான் வைத்திருக்கும். பிறகு தேதி வாரியாக அடுக்கி, வேர்டு, எக்செல், பிடிஎஃப் கோப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். மெயிலில் வந்த விண்ணப்பப் படிவத்தை இறக்காமல் அங்கேயே திறந்து, நிரப்பி, சேமி கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் இதுபோன்ற தற்காலிக ஃபோல்டர் ஒன்றில்தான் கிடக்கும். ‘சேமிச்சேன், காணோம்’ என்று வீட்டில் யாராவது தேடிக்கொண்டிருந்தால் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே போங்கள். ஒரு வாரத்துக்கு முந்தியவற்றை மட்டும் அழிப்பது நல்ல வழக்கம். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லும் கோப்பைத் தாண்டிவிடுங்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் விண்டோஸே ஒரு பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் நிற்கும். அது தற்காலிகம் என்று விண்டோஸுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல், கப்பல் டிக்கெட் எல்லாம் பல வீடுகளில் அங்கேதான் இருக்கும். அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் தாராளமாக இருந்தும் ‘தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை’ என்று வருவது உண்டு. பல பழைய மென்பொருள்கள் தற்காலிகக் கோப்புக்குப் பெயர் வைக்க விண்டோஸின் ஒரு வசதியைப் பயன்படுத்துகின்றன. அது ஒரு முன்னொட்டுக்கு 65,535 பெயர்கள்தான் கொடுக்கும். மின்வெட்டுகளால் அழியாமல் தங்கியவை அந்த எண்ணைத் தொட்டால், வட்டில் நூறு ஜிபி காலி இருந்தாலும் புதுக் கோப்பு பிறக்காது. பழையதைத் துடைத்தால் உடனே சரியாகும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. விண்டோஸ் கணக்குக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் தற்காலிக ஃபோல்டரின் முகவரியிலும் அந்தத் தமிழ்ப் பெயர் வரும். யூனிகோடு அறியாத பழைய மென்பொருள்கள், பழைய தமிழ்த் தட்டச்சு நிரல்கள் உட்பட, அந்த முகவரியைப் படிக்கத் தெரியாமல் நிறுவும்போதே நின்றுவிடும். பெயரை மாற்ற வேண்டாம், கணக்கையும் அழிக்க வேண்டாம். சி டிரைவில் டெம்ப் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். பிறகு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடித் திறந்து, உங்கள் கணக்கின் கீழுள்ள டெம்ப், டிஎம்பி என்ற இரண்டையும் அந்த ஃபோல்டருக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளி வட்டுக்கு மட்டும் மாற்றாதீர்கள். வட்டைச் செருகாத நாளில் எந்த மென்பொருளும் நிறுவ முடியாது.

மென்பொருள் நிறுவும்போது 2502, 2503 என்ற பிழை எண்கள் வந்தால் அது வேறு ஃபோல்டர்: விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப். அதில் எழுத உரிமை குறைந்திருக்கிறது என்று பொருள். அதன் ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதியில் உங்கள் கணக்குக்கு முழு உரிமை கொடுத்தால் பெரும்பாலும் தீரும்.

படங்களைக் காணோம் என்றால் எதையும் தொடாதீர்கள்

ஆரம்பத்தில் சொன்ன நான்காவது புகார் இதுதான், நான்கிலும் ஆபத்தானது. மின்வெட்டில் உங்கள் கணக்கின் விவரக் கோப்பு பழுதாகிவிட்டால், விண்டோஸ் உங்களை வெளியே நிறுத்தாமல் ஒரு தற்காலிகக் கணக்கில் உள்ளே விடும். டெஸ்க்டாப் புதிதாக, வெறுமையாக இருக்கும். மூலையில் ஒரு சிறு அறிவிப்பு வந்து மறையும். பலர் அதைப் படிப்பதில்லை. “எல்லாம் போச்சே” என்று புலம்பிவிட்டு, புதிதாக வேலை செய்யத் தொடங்குவார்கள். வெளியேறியதும் அந்தத் தற்காலிகக் கணக்கில் செய்த வேலை முழுதும் அழியும்.

பழைய படங்கள் போகவில்லை. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். உங்கள் பெயரில் பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கும், அருகில் டெம்ப் என்ற பெயரில் இன்னொன்று. பழையதை முழுதாக ஒரு வெளி வட்டுக்கு நகலெடுங்கள். அதன்பின் இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்; வைரஸ் தடுப்பு மென்பொருள் கணக்கின் விவரக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டுமே காரணம் என்றால் தானே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் புதுக் கணக்கு ஒன்று திறந்து கோப்புகளை அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள். ரிஜிஸ்ட்ரியில் திருத்தும் வழியும் இருக்கிறது. பழக்கமில்லாதவர் போனில் கேட்டு அதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லினக்ஸ் வீட்டில்

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஏற்றிக் கொடுத்தார்கள். அப்படியொன்று உறவினர் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம், அல்லது நீங்களே டெபியன், உபுண்டு ஏற்றியிருக்கலாம். பாஸும் டெபியனிலிருந்து வந்ததே, ஆகவே வழி ஒன்றுதான்.

லினக்ஸில் தற்காலிக ஃபோல்டர் எல்லாருக்கும் பொது. பெயர் டி, எம், பி. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் யார் வேண்டுமானாலும் சரக்கை இறக்கலாம், அவரவர் சரக்கை மட்டுமே அவரவர் எடுத்துப் போகலாம் என்பது போன்ற ஏற்பாடு. இந்த உரிமையின் எண் 1777. எங்கோ படித்த ஒரு கட்டளையை ஓட்டியதில் இந்த எண் மாறிவிட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தும் திரை கண்சிமிட்டித் திருப்பி அனுப்பும். வட்டு நிரம்பினாலும் அதே அறிகுறி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: வட்டில் வழக்கமாக ஐந்து விழுக்காடு இடம் நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால் உள்நுழைவுத் திரைவரை எல்லாம் ஓடும், உங்கள் பெயரில் ஒரு சின்னக் கோப்பு எழுத வேண்டிய இடத்தில்தான் நிற்கும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே விடும். டி, எஃப், இடைவெளி, கோடு, ஹெச் என்று தட்டினால் வட்டு நிலவரம் தெரியும். முதன்மைப் பகுதி 100 விழுக்காடு என்றால் ‘சூடோ ஆப்ட் கிளீன்’ கொடுங்கள். பிறகு ‘சூடோ ஜர்னல்சிடிஎல்’, இடைவெளி, இரண்டு கோடு, வேக்யூம், கோடு, சைஸ், சமக்குறி, 200எம். பல கம்ப்யூட்டர்களில் இவை இரண்டே போதிய இடம் விடுவித்துத் தரும். வட்டில் இடம் இருந்தால் உரிமையைப் பாருங்கள்: எல், எஸ், இடைவெளி, கோடு, எல், டி, இடைவெளி, சாய்கோடு, டிஎம்பி. வரும் வரியின் முதல் பத்து எழுத்துகள் ‘டி’, அதாவது தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் போடும் டி, என்று முடிய வேண்டும். இல்லையென்றால் சூடோ, சிஹெச்மாட், 1777, சாய்கோடு டிஎம்பி. உள்ளே உள்ளவற்றுக்கும் சேர்த்து மாற்றும் ஆர் எழுத்தைச் சேர்க்காதீர்கள்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் இந்த ஃபோல்டர் வட்டிலிருந்து நினைவகத்துக்கு மாறிவிட்டது. நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி உள்ள பழைய மடிக்கணினியில் பெரிய வீடியோவை வெட்டி ஒட்டினால் இரண்டு ஜிபியில் முட்டும். கரண்ட் போனால் அதில் இருந்ததும் போகும். தங்க வேண்டிய கோப்பை வார் ஃபோல்டருக்குள் உள்ள டிஎம்பியில் வையுங்கள்.

தொடங்கும்போது ‘ஸ்டார்ட் ஜாப்’ என்று ஒரு வரி வந்து ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்தால், எந்த வட்டை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதிவைத்த வெளி வட்டு இன்று செருகப்படவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். அந்த வரியின் விருப்பங்களில் நோஃபெயில் என்று சேர்த்துவிட்டால், வட்டு இல்லாத நாளில் அவசர நிலைத் திரைக்குப் போய் நிற்காது.

கடிகாரம்

கடைசியாக, மதர்போர்டில் இருக்கும் காசு அளவுப் பேட்டரி, சிஆர் 2032. கடல் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் அதன் பிடிகள் துருப்பிடிக்கும். அது ஓய்ந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் தேதி பல ஆண்டு பின்னே போய்விடும். இணையத் தளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும், ஷெட்யூலர் வேலைகள் தவறிய நாளில் ஓடும், ‘ஒரு வாரத்துக்கு முந்தியது’ என்று பார்த்து அழிப்பதும் குழம்பும். தொடக்க நிரலில் குற்றம் தேடுமுன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றாலோ, வட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ வீட்டில் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அணைத்துவிடுங்கள். கடைக்கே கொண்டுபோங்கள். ஃபார்மட் என்று அவர்கள் சொன்னால் மறுக்க வேண்டாம். முதலில் யூசர்ஸ் ஃபோல்டரை வெளி வட்டுக்கு நகலெடுத்து உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.